உருமாறும் ரோபோ: பொம்மையும் தொலைக்காட்சியும்

லாரியாக உருண்டு வந்து, சில திருப்புகளில் கைகால் முளைத்து ரோபோவாக எழுந்து நிற்கும் பொம்மையை 'ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ்' என்ற பெயரில் உலகம் அறிந்தது 1984-ல். டோக்கியோவின் டக்காரா நிறுவனம் அதை வடிவமைத்தது. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் அதை வாங்கிப் பெயர் சூட்டி விற்றது. அதே ஆண்டு செப்டம்பர் 17 அன்று அதே பெயரில் தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. பொம்மை முன்னே பிறந்தது. அதை விற்பதற்காகக் கதை எழுதப்பட்டது. நாற்பது ஆண்டுகளில் இந்த முறை தலைகீழாகிவிட்டது. இன்று திரையில் கண்ட உருவத்தை எட்டிப் பிடிக்கத்தான் பொம்மை வடிவமைப்பாளர்கள் உழைக்கிறார்கள். இந்தத் தலைகீழ் மாற்றமே உருமாறும் ரோபோவின் வரலாறு.

அதன் வேர் ஜப்பானில் இருக்கிறது. 1972 டிசம்பரில் கோ நகாயின் 'மாசிங்கர் இசட்' தொடர் தொலைக்காட்சியில் தொடங்கியது. மனிதன் உள்ளே அமர்ந்து ஓட்டும் மாபெரும் ரோபோ அதில் நாயகன். 1974-ல் பாப்பி நிறுவனம் அந்த ரோபோவைத் துத்தநாகக் கலவையில் வார்த்து, கையில் எடுத்தால் கனம் தெரியும்படி விற்றது. அதே ஆண்டு வந்த 'கெட்டர் ரோபோ' தொடரில் மூன்று விமானங்கள் ஒன்றோடு ஒன்று பொருந்தி ரோபோவாகும். எது முன்னே நிற்கிறதோ அதற்கேற்ப மூன்று வேறு ரோபோக்கள் பிறக்கும். ஓவியர் கையில் இரும்பு மாவு போல் குழைந்தது. அந்த மாற்றத்தை நிஜமான பொம்மையில் செய்ய வழியில்லை. பாப்பியின் வடிவமைப்பாளர் கட்சுஷி முரகாமி இதை எதிர்த்திசையில் அணுகினார். பொம்மையால் உண்மையில் செய்ய முடிந்த மாற்றத்தையே திரையிலும் காட்டவேண்டும் என்பது அவர் வழி. 1975-ல் 'ரைடீன்' பறவையாக மாறியது. 1976-ல் 'காம்பாட்லர் வி' தொடரின் ஐந்து வாகனங்கள் குழந்தையின் கையிலும் ஒரே ரோபோவாகச் சேர்ந்தன. திரையில் கண்டதைத் தானே செய்து பார்க்கும் இன்பம் அங்கேதான் தொடங்கியது.

டக்காரா வேறு வழியில் வந்து சேர்ந்தது. 1972-ல் ஹாஸ்ப்ரோவின் ஜி.ஐ. ஜோ வீரனின் உடலமைப்பைக் கடன் வாங்கி, உள்ளே இயந்திரம் தெரியும் கண்ணாடி உடம்போடு ஒரு 'சைபோர்க்' பொம்மையை அது செய்தது. அடுத்த ஆண்டு எண்ணெய் விலை ஏறியதும் பிளாஸ்டிக் விலையும் ஏறியது. 1974-ல் அந்தப் பொம்மை சுமார் பத்து சென்டிமீட்டர் உயரமுள்ள 'மைக்ரோமேன்' ஆகச் சுருங்கியது. 1980-ல் 'டயாக்ளோன்' வரிசை வந்தது. பாதத்தில் காந்தம் பதித்த, மூன்று சென்டிமீட்டர் உயர ஓட்டுநர்கள் அமர்ந்து செலுத்தும் இயந்திரங்கள் அவை. 1982-ல் சாலையில் ஓடும் உண்மையான கார் மாதிரிகளை அறுபதில் ஒரு பங்கு அளவில் செய்து, அவற்றை ரோபோவாக மாற்றிக் காட்டினார்கள். 1983-ல் மைக்ரோமேன் வரிசையின் ஒரு கிளையில் வீட்டுப் பொருட்கள் ரோபோக்களாயின: கைத்துப்பாக்கி, கேசட் ரெக்கார்டர், அதற்குள் நுழையும் கேசட்டுகள். இவை எதற்கும் ஜப்பானில் தொலைக்காட்சித் தொடர் கிடையாது என்பது கவனிக்கத்தக்கது.

1983-ல் டோக்கியோ பொம்மைக் கண்காட்சியில் இந்த இரு வரிசைகளையும் கண்ட ஹாஸ்ப்ரோ, இரண்டையும் வாங்கி ஒரே குடும்பமாக்கியது. ஆனால் ஓட்டுநர்களை விட்டுவிட்டது. இயந்திரமே உயிருள்ளது, தானே பேசும், தானே சண்டையிடும் என்று கதை மாறியது. அந்தப் பழைய பொம்மைகளில் சில கார்களின் கதவைத் திறந்தால் உள்ளே யாரும் அமராத இருக்கை இன்னும் இருக்கும்.

கதையை உருவாக்கும் பணி மார்வெல் காமிக்ஸிடம் போனது. சைபர்ட்ரான் என்ற இயந்திரக் கோளில் ஆட்டோபாட், டிசெப்டிகான் என இரு கட்சிகள் மூட்டிய போர் பூமிக்கு வந்து சேர்கிறது என்ற அடிப்படைக் கதையை ஜிம் ஷூட்டர் எழுதினார். நாயகன் ஆப்டிமஸ் பிரைமுக்குப் பெயர் வைத்தவர் டென்னி ஓ'நீல். ஏனைய பெரும்பாலான பாத்திரங்களுக்குப் பெயரும் குணமும் கொடுத்தவர் பாப் புடியான்ஸ்கி. பெட்டியின் பின்புறத்தில் ஒவ்வொரு ரோபோவின் வலிமை, அறிவு, வேகம், துணிவு ஆகியவை வரைபடமாக அச்சிடப்பட்டன; கூடவே தந்த சிவப்பு மெல்லேட்டை வைத்துப் பார்த்தால்தான் அதைப் படிக்க முடியும். ஒரே வடிவப் பிளாஸ்டிக்கை ஒருவன் கோழை, ஒருவன் வீரன் என்று குழந்தை பிரித்துப் பார்த்தது இந்த எழுத்தால்தான்.

இத்தகைய தொடர் 1984-ல் சாத்தியமானதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1969-ல் 'ஹாட் வீல்ஸ்' என்ற கார் பொம்மையின் பெயரில் வந்த கார்ட்டூனை அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் நிகழ்ச்சி அளவுக்கு நீண்ட விளம்பரம் என்று கண்டித்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் ரீகன் அரசின் கீழ் அந்தக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. 1983-ல் 'ஹி-மேன்', 1984-ல் 'ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ்' என்று பொம்மைக்காகவே எழுதப்பட்ட தொடர்கள் வரிசையாக வந்தன. குழந்தைகளுக்கான நிகழ்ச்சி நேரத்தில் விளம்பரத்துக்கு எல்லை வகுக்கும் சட்டம் 1990-ல்தான் மீண்டும் வந்தது.

முதல் கட்டத்தில் பொம்மை எப்படிக் கதையை ஆட்டிவைத்தது என்பதற்கு மூன்று சான்றுகள் போதும். ஸ்டார்ஸ்க்ரீம், ஸ்கைவார்ப், தண்டர்கிராக்கர் என்று மூன்று விமான வில்லன்கள். மூவரும் ஒரே டையில், அதாவது ஒரே வார்ப்பச்சில், வார்க்கப்பட்டவர்கள், நிறம் மட்டுமே வேறு. எஃகு டை வெட்டுவதுதான் பொம்மைத் தொழிலின் பெருஞ்செலவு. ஒரு டையிலிருந்து மூன்று பொம்மை எடுத்தால் செலவு பகிர்ந்துபோகும். தொலைக்காட்சி அவர்களில் ஸ்டார்ஸ்க்ரீமுக்குத் தலைவனைக் கவிழ்க்கத் துடிக்கும் கீச்சுக் குரலைக் கொடுத்து நிலைத்த பாத்திரமாக்கியது. இரண்டாவது சான்று சவுண்ட்வேவ். ஆளை விடப் பன்மடங்கு உயரமான ரோபோ, மாறினால் கைக்கு அடங்கும் கேசட் ரெக்கார்டர் ஆகவேண்டும். பொம்மை அப்படி இருந்தது, கதை அதை ஏற்றுக்கொண்டது. மூன்றாவது சான்று அயர்ன்ஹைட். டயாக்ளோனிலிருந்து வந்த அந்த வேன் பொம்மைக்குத் தலையே கிடையாது. முன்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முக ஸ்டிக்கர் மட்டும். நடிக்கும் பாத்திரத்துக்கு முகம் வேண்டுமே! தொடருக்கான உருவங்களை எளிமைப்படுத்தி வரைந்த பிலிப்பைன்ஸ் ஓவியர் ஃப்ளோரோ டெரி உள்ளிட்டோர் அவனுக்குத் தலையும் தோளும் வரைந்தார்கள். குழந்தைகள் மனத்தில் அந்த வரைந்த அயர்ன்ஹைட் நின்றான். பின்னாளில் பொம்மையைத் திருத்தியது அந்த நினைவுதான்.

இதே காலத்தில் போட்டியும் இருந்தது. பண்டாயின் 'மெஷின் ரோபோ' வரிசையை டோங்கா நிறுவனம் 'கோபாட்ஸ்' என்ற பெயரில் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது. அவை சிறியவை, மலிவானவை, ட்ரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு முன்பே கடைக்கு வந்தவை. ஹன்னா-பார்பெரா தயாரித்த தொடரும் அவற்றுக்கு இருந்தது. ஆனால் அந்தப் பாத்திரங்களுக்கு நினைவில் நிற்கும் குணமில்லை. பொறியியலில் பெரிய குறை சொல்ல முடியாத அந்த வரிசை சில ஆண்டுகளில் மங்கியது. 1991-ல் டோங்காவையே ஹாஸ்ப்ரோ வாங்கிக்கொண்டது.

1986 ஆகஸ்ட் 8 அன்று திரைக்கு வந்த முதல் ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் படம் பொம்மையின் அதிகாரத்துக்கு உச்சம். அதன் எல்லையும் அங்கேதான் தெரிந்தது. புதிய பொம்மைகளுக்கு இடம் வேண்டும் என்பதால் பழைய பாத்திரங்கள் அந்தப் படத்தில் கொத்துக்கொத்தாகச் சாகின்றன. ஆப்டிமஸ் பிரைமும் நிறமிழந்து இறக்கிறான். கணக்கேட்டில் அது ஒரு விற்பனைப் பொருளை நிறுத்துவது. திரையரங்கில் அமர்ந்திருந்த குழந்தைகளுக்கோ அது தகப்பன் சாவு. எதிர்ப்பு பலமாக எழுந்தது. அப்போது தயாரிப்பில் இருந்த ஜி.ஐ. ஜோ படத்தில் சாகவேண்டிய ட்யூக் என்ற பாத்திரம், மயக்கத்தில் கிடப்பதாக மாற்றப்பட்டது. 1987-ல் தொடரின் கதை ஆப்டிமஸை உயிர்ப்பித்தது. பொம்மைக்காகப் பிறந்த பாத்திரம் பொம்மையை விடப் பெரிதாகிவிட்டதை நிறுவனம் உணர்ந்த தருணம் அது.

அடுத்த சில ஆண்டுகள் வித்தைகளின் காலம். தலை தனியே கழன்று ஆளாகும் 'ஹெட்மாஸ்டர்', உள்ளே ரோபோவை மறைத்த ஓடான 'ப்ரிடெண்டர்', விரலளவு 'மைக்ரோமாஸ்டர்' என்று ஒவ்வொன்றாக வந்தன. ஜப்பான் 1987 முதல் தனக்கென்று தனித் தொடர்களைத் தயாரித்துக்கொண்டது. அமெரிக்காவில் தொடர் நின்றபின் பொம்மை தள்ளாடியது. 1990-ல் வந்த 'ஆக்ஷன் மாஸ்டர்ஸ்' திரையில் கண்ட உருவத்தை அச்சாகக் கொண்டிருந்தன, ஆனால் உருமாறா. மாறாத ட்ரான்ஸ்ஃபார்மரை யாரும் பெரிதாக விரும்பவில்லை. அமெரிக்க விற்பனை அத்தோடு சில காலம் நின்றது. 1993-ல் 'இரண்டாம் தலைமுறை' என்ற பெயரில் திரும்பி வந்தபோது வில்லன் மெகட்ரான் பீரங்கி வண்டியாக மாறியிருந்தான். முதலில் அவன் வால்தர் பி38 கைத்துப்பாக்கி. அசல் துப்பாக்கியைப் போன்ற பொம்மைகளுக்கு அடையாள நிறம் வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் இதற்கிடையே வந்திருந்தது.

1996-ல் 'பீஸ்ட் வார்ஸ்' வந்தது. கார், விமானம் போய், கொரில்லா, டைனோசர், சிறுத்தை, எலி என உயிரினங்கள் ரோபோக்களாயின. கனடாவின் வான்கூவரில் மெயின்ஃப்ரேம் நிறுவனம் தொடரை முழுக்கக் கணினியில் உருவாக்கியது. அக்காலக் கணினியில் ஒவ்வொரு உருவத்தையும் கட்டுவது பெருஞ்செலவு. அதனால் பாத்திரங்கள் சிலரே. அந்தச் சிலரை எழுத்தாளர்கள் பாப் ஃபார்வர்டும் லாரி டிட்டிலியோவும் ஆழமாக எழுதினார்கள். துரோகியாக வந்து மானத்தோடு சாகும் டைனோபாட் பாத்திரம் இன்றும் பேசப்படுகிறது. செலவு நெருக்கடி கதைக்கு வரமாக அமைந்த அரிய நிகழ்வு இது. பொம்மையிலும் பெரும் மாற்றம் நேர்ந்தது. பந்துக்கிண்ண மூட்டு பரவலாகி, தோளும் இடுப்பும் எல்லாத் திசையிலும் அசைந்தன. 1984-ன் பொம்மை பெரும்பாலும் விறைத்து நிற்கும். 1996-ன் பொம்மை குனியும், பாயும், நடிக்கும்.

உருமாறும் பொம்மையின் உள்ளமைப்பு எளிதல்ல. ஒரே பாகம் இரண்டு உருவத்துக்கும் பயன்படவேண்டும். காரின் முன்மூடி மார்பாகிறது, பின்பகுதி கால்களாகிறது, கதவுகள் முதுகில் சிறகாக நிற்கின்றன. எதற்கும் பயன்படாமல் மிஞ்சும் தகடுகளை முதுகில் ஒளிப்பதே வடிவமைப்பாளரின் நிரந்தரத் தலைவலி. வெளி ஓடு கடினமான ஏ.பி.எஸ். பிளாஸ்டிக், தேயும் இடங்களில் வழுக்கும் தன்மையுள்ள பிளாஸ்டிக், குழந்தையின் கண்ணில் குத்தக்கூடிய கூர்முனைகளுக்கு மிருதுவான வகை. மூட்டுகளில் எஃகு ஊசி. ஊசிக்கும் துளைக்கும் இடையே உள்ள இடைவெளி மயிரிழை தவறினாலும், ஒன்று பிளாஸ்டிக் விரியும், இல்லையேல் கை தொங்கிப்போகும். எடை தாங்கும் பெரிய மூட்டுகளில் 'டிக் டிக்' என்று படிப்படியாக நிற்கும் பல்சக்கரம் வைக்கிறார்கள். பொருளைத் தவறாகத் தேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. எண்பதுகளின் இறுதியில் தொடங்கிச் சில பொம்மைகளில் பொன்னிறத் துகள் கலந்த பிளாஸ்டிக் பயன்பட்டது. அது நாளாக ஆகத் தானே நொறுங்குகிறது. பெட்டி பிரிக்காமல் வைத்திருந்த பொம்மையும் இந்தக் கேட்டுக்குத் தப்பவில்லை.

2002-ல் 'அர்மாடா' தொடரிலிருந்து டக்காராவும் ஹாஸ்ப்ரோவும் பொம்மையையும் கதையையும் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து திட்டமிட்டன. 2003-ல் டக்காரா இரண்டு வரிசைகளை வெளியிட்டது, இரண்டும் பெரியவர்களுக்காக. 'பைனால்டெக்' உண்மையான கார் நிறுவனங்களின் உரிமம் பெற்று, இருபத்து நான்கில் ஒரு பங்கு அளவில் காரைப் பிசகின்றிப் படியெடுத்தது. 'மாஸ்டர்பீஸ்' வரிசையோ 1984 தொடரின் ஆப்டிமஸ் பிரைமைப் படியெடுத்தது. ஒன்று சாலையைப் பார்த்தது, மற்றொன்று திரையைப் பார்த்தது. நிலைத்து வளர்ந்தது திரையைப் பார்த்த வரிசைதான். 2006-ல் டக்காரா, டோமி நிறுவனத்தோடு இணைந்து 'டக்காரா டோமி' ஆனது.

2007-ல் மைக்கேல் பே இயக்கிய படம் தலைகீழ் மாற்றத்தை முழுமையாக்கியது. இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனம் கணினியில் கட்டிய ஆப்டிமஸ் பிரைமில் 10,108 பாகங்கள். எந்தப் பொம்மையாலும் அதைச் செய்ய முடியாது. 1974-ன் கெட்டர் ரோபோ சிக்கலே மீண்டும் வந்து நின்றது. முரகாமியின் காலத்தில் திரை பொம்மைக்கு இறங்கி வந்தது. இம்முறை பொம்மை திரைக்கு ஏறவேண்டியிருந்தது. மிகக் குறைந்த பாகங்களைக் கொண்டு பத்தாயிரம் பாகத்தின் தோற்றத்தை உண்டாக்க, உட்புறமாக மடியும் தகடுகளும் ஒன்றை இழுத்தால் இன்னொன்று தானே நகரும் இணைப்புகளும் பெருகின. சில பொம்மைகள் குழந்தைகளால் மாற்றவே முடியாத அளவுக்குச் சிக்கலாயின. அதற்கு மாற்றாகச் சிறு குழந்தைகளுக்கென்று ஒரே அசைவில் மாறும் 'ரெஸ்க்யூ பாட்ஸ்' வரிசை தனியே வந்தது.

இன்று வடிவமைப்பாளர் மேசையில் இருக்கும் அளவுகோல் 1984-ன் கார்ட்டூன். 2018-ல் தொடங்கிய 'வார் ஃபார் சைபர்ட்ரான்' பொம்மைகளில் அயர்ன்ஹைடுக்கு ஃப்ளோரோ டெரி காலத்து முகம் இருக்கிறது. 2019-ல் கோளையே விழுங்கும் யூனிக்ரானின் மாபெரும் பொம்மையை, 575 டாலர் முன்பணம் கட்ட 8,000 பேர் சேர்ந்தால் மட்டுமே செய்வோம் என்று ஹாஸ்ப்ரோ அறிவித்தது. ஆட்கள் சேர்ந்தார்கள். 2021-ல் சீனாவின் ரோபோசென் நிறுவனம் ஹாஸ்ப்ரோ உரிமத்தோடு, குரல் கேட்டுத் தானே லாரியாக மாறும் ஆப்டிமஸை 27 சர்வோ மோட்டார்களோடு விற்றது. அது பொறியியல் அதிசயம். ஆயினும் கையால் திருப்பி, எந்தத் தகடு எங்கே போகிறது என்று குழந்தை கண்டுபிடிக்கும் வேலையை அது பறித்துவிடுகிறது. முரகாமி தொடங்கிவைத்த இன்பம் அந்த வேலையில்தான் இருக்கிறது.

இந்தியாவுக்கு இந்தப் பொம்மைகள் வேறு வரிசையில் வந்தன. தூர்தர்ஷனில் 'ஹி-மேன்' ஓடிய காலத்தில் அதன் பொம்மைகளை லியோ நிறுவனம் இங்கேயே வார்த்து விற்றது. 1987-ல் எம்.ஆர்.எஃப்.-ம் ஹாஸ்ப்ரோவும் கூட்டாகச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 'ஃபன்ஸ்கூல்' தொடங்கின. அமெரிக்காவில் பயன்படுத்திய டைகளைக் கொண்டுவந்து ஃபன்ஸ்கூல் ஜி.ஐ. ஜோ வீரர்களை வார்த்தது. அவற்றின் நிறச் சேர்க்கை இங்கே தனியாக அமைந்ததால் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். ஜி.ஐ. ஜோ சில பாகங்களும் ஒரு ரப்பர் வளையமும் கொண்ட எளிய அமைப்பு. உழைத்துத் தேய்ந்த டையிலும் அது நின்றுவிடும். உருமாறும் ரோபோவுக்கு அந்தச் சலுகை இல்லை. கதையின் பக்கம் தனியார் சேனல்கள் வந்தன: 1995-ல் கார்ட்டூன் நெட்வொர்க், 2004 டிசம்பரில் தமிழ், தெலுங்கு ஒலியோடு டூன் டிஸ்னி. அதன் ஜெட்டிக்ஸ் பகுதியில் தமிழ் பேசிய பவர் ரேஞ்சர்ஸ் ஒரு தலைமுறையின் பள்ளிக்காலத்தோடு கலந்துவிட்டது. ஜப்பானின் சூப்பர் சென்டாய் தொடர்களை அடியொற்றி 1993-ல் அமெரிக்காவில் எடுத்த தொடர் அது. அதன் இணைந்து எழும் ரோபோக்கள் காம்பாட்லர் வி-யின் நேரடி வாரிசுகள்.

உருமாறும் ரோபோவை இங்கேயே செய்யும் திறனைத் தேடினால், பெங்களூருக்கு அறுபது கிலோமீட்டர் தொலைவில் உள்ள சன்னபட்டணத்தின் பொம்மை மரபு வேறு குலம். வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுற்றி, சுற்றும் சூட்டிலேயே அரக்கு வண்ணம் ஏற்றுகிறார்கள். மூட்டில்லை, ஊசியில்லை, கைத்திறனே முழு மூலதனம். உருமாறும் பொம்மைக்கு வேண்டிய திறன் பெங்களூரின் இன்னொரு முகத்தில் இருக்கிறது. 1953-ல் இங்கே ஹெச்.எம்.டி. இயந்திரக் கருவித் தொழில் தொடங்கியது. 1972-ல் டென்மார்க் அரசின் உதவியோடு அரசு டூல்ரூம் பயிற்சி மையம் பிறந்தது. பிளாஸ்டிக் வார்க்கும் டையை எஃகில் வெட்டக் கற்ற பிள்ளைகள் அங்கிருந்து பீன்யா தொழிற்பேட்டையின் பட்டறைகளுக்குப் போனார்கள். திரையின் பக்கமும் இந்நகரத்துக்குப் பங்குண்டு. 2023-ன் 'ரைஸ் ஆஃப் தி பீஸ்ட்ஸ்' படத்தின் காட்சிப் பணியில் முன்னணியில் நின்ற எம்.பி.சி. நிறுவனத்தின் பெரிய ஸ்டூடியோக்களில் ஒன்று பெங்களூரில் இயங்கியது. அதன் தாய் நிறுவனம் டெக்னிகலர் 2025-ல் சரிந்தபோது அதுவும் மூடப்பட்டது.

இந்தியாவில் பொம்மை இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்ந்தது. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமானது, புவிசார் குறியீடு பெற்ற சன்னபட்டணம் போன்ற கைவினைப் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. உடையும் மூட்டு, உதிரும் சிறு பாகம், வண்ணத்தில் ஈயம் ஆகிய எல்லாம் சோதனைக்கு வருகின்றன. உருமாறும் ரோபோ, அசையும் பாகங்கள் மிகுந்தது என்பதால், இந்தச் சோதனையைக் கடும் தேர்வாகவே சந்திக்கிறது. பெலகாவியில் விமானப் பாகங்கள் செய்து பெயர்பெற்ற ஏக்வஸ் நிறுவனம், கொப்பள் மாவட்டம் பானாபூரில் 400 ஏக்கரில் பொம்மைத் தொழில் வளாகத்தை அமைத்திருக்கிறது. ஹாஸ்ப்ரோவுக்கும் அது பொம்மை செய்து தருகிறது. டை வெட்டும் கை கர்நாடகத்தில் இருக்கிறது, வார்க்கும் ஆலையும் வந்துவிட்டது. எந்த உருவத்தை வெட்டவேண்டும் என்ற வரைபடம் மட்டும் இன்னமும் டோக்கியோவிலும் அமெரிக்காவிலும் தீர்மானமாகி வருகிறது.